வெட்டுண்ட சிறகும் வரையும் கையும்

இலக்கியத்தை நாம் காதால் கேட்கிறோம், கண்ணால் வாசிக்கிறோம், வாய்விட்டுச் சொல்லி மனத்தில் இருத்துகிறோம். கையால் வாசிப்பது என்று ஒன்று உண்டா? உண்டு என்பதையே இவ்வாரம் சொல்ல வந்திருக்கிறேன். பழைய புராண ஓவியம் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பென்சிலால் வரைய முயலும்போது, அந்த ஓவியத்தோடு அது பிறந்த காவியத்தையும் நாம் புதிதாக வாசிக்கிறோம். இதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் ஓவியம் ராஜா ரவிவர்மாவின் 'ஜடாயு வதம்'. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நூல் கம்பராமாயணம்.

பெயரைச் சொன்னால் நினைவு வராதவர்களுக்கும் படத்தைக் கண்டால் நினைவு வரும். வானவெளி. நடுவே இராவணன். ஒரு கையில் ஓங்கிய வாள். மற்றக் கை சீதையை இறுகப் பிடித்திருக்கிறது. சீதை முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அப்பால் திரும்பியிருக்கிறாள். எதிரே சடாயு. அவனுடைய சிறகுகளில் ஒன்று வெட்டுண்டு வீழ்கிறது. மைசூர் அரசருக்காகத் தீட்டிய புராண ஓவிய வரிசையில் ஒன்றாக ரவிவர்மா இதை 1906 இல் வரைந்தார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலுள்ள ஓவியக்கூடத்தில் இது இருக்கிறது. அதே ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் திகதி அவர் காலமானார். ஆகவே, 58 வயதுக் கலைஞர் ஒருவரின் இறுதிக் காலப் படைப்புகளில் இதுவும் ஒன்று என்று கொள்ள வேண்டும்.

மலையகத்தில் இந்தப் படத்துக்குத் தனியொரு பொருள் உண்டு. நான் வாழும் வட்டகொடை, தலவாக்கலையிலிருந்து நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில் உள்ள ஊர். அங்கிருந்து நுவரெலியா போய், ஹக்கலைப் பக்கம் இறங்கினால் சீதாஎலிய. அசோகவனம் இருந்த இடம் என்று மக்கள் நம்பும் ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. இராவணன் சீதையைக் கொண்டுவந்த வழி எங்கள் பிள்ளைகளுக்கு எங்கோ வடதேசத்துக் கதை அன்று. தங்கள் தலைக்கு மேலே வானத்தால் போன வழியாகவே அவர்கள் அதை எண்ணிக்கொள்கிறார்கள்.

நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். சித்திரம் என்னுடைய பாடமன்று. கம்பரின் 'சடாயு உயிர் நீத்த படலம்' பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்த நாட்களில், மாணவி ஒருத்தி தன் வீட்டிலிருந்த பழைய கலண்டர்ப் படமொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். லயத்துக் காம்பிராச் சுவரில் பல காலம் தொங்கி, அடுப்புப் புகையில் மங்கிப்போன படம். "இதை வரையலாமா சேர்?" என்று கேட்டாள். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்தேன். நாற்பதைக் கடந்த வயதில் கொப்பியும் பென்சிலுமாக நான் வரையப் பழகியது இப்படித்தான். பழகப் பழகத் தெரிந்துகொண்டவற்றை மற்றவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

கற்பிக்க ஆளில்லாதபோது வரைய முடியுமா என்பது முதற் கேள்வி. தோட்டப்புறப் பாடசாலைகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். இதற்கு ரவிவர்மாவின் இளமைக் காலமே விடை சொல்லும். அவர் 1848 ஏப்ரல் 29 ஆம் திகதி திருவிதாங்கூரிலுள்ள கிளிமானூரில் பிறந்தார். தாய்மாமன் ராஜராஜ வர்மா சித்திரம் வரைபவர். மருமகனின் கைத்திறனைக் கண்டு, 1862 இல் பதினான்கு வயதுச் சிறுவனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். ஆயிலியம் திருநாள் மகாராஜா ஆதரவு கொடுத்தார். ஆனால், அரண்மனை ஓவியரான இராமசாமி நாயுடு தம் தொழில் நுட்பத்தை அந்தச் சிறுவனுக்குக் கற்றுக்கொடுக்க விரும்பவில்லை. நாயுடுவின் உதவியாளரான ஆறுமுகம்பிள்ளை என்பவரே மறைவாகச் சில நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்ததாக வரலாறு. பின்னர் 1868 இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்பிக்க இணங்கவில்லை. தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாத்திரம் அனுமதித்தார். எண்ணெய் வண்ணத்தின் தன்மையை ரவிவர்மா அந்தப் பார்வையில் இருந்தே பிடித்துக்கொண்டார்.

பின்னாளில் இந்திய ஓவிய உலகில் பெரும் பெயர் பெற்றவர் முறையான பள்ளி எதிலும் பயிலாமல், பார்த்தும் படியெடுத்தும் வளர்ந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. ஏகலைவன் கதை நமக்குத் தெரியும். ரவிவர்மாவின் கதையும் ஏறத்தாழ அதுவே. கட்டைவிரல் மட்டும் தப்பிவிட்டது.

அவருடைய ஓவியம் லயத்துச் சுவருக்கு வந்து சேர்ந்தது எப்படி? 1894 இல் ரவிவர்மா பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். கல்லச்சு முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லாகத் தயாரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, எண்ணெய் ஓவியம் போன்ற தோற்றம் வரும்படி படங்கள் அச்சிடப்பட்டன. பின்னர் அந்த அச்சகம் லோனாவ்லாவுக்கு அருகே உள்ள மளவ்லிக்கு இடம்மாறியது. பிற்பாடு ஜெர்மானியத் தொழில்நுட்பவியலாளர் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கரின் கைக்குப் போனது. இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் தாதாசாகிப் பால்கே இளமையில் அங்கு வேலை பார்த்தவர். அரண்மனைச் சுவரில் அரசர் மாத்திரம் கண்ட இலட்சுமியும் சரஸ்வதியும் சகுந்தலையும் தமயந்தியும் சாதாரண மக்களின் வீட்டுக்கு வந்தது அந்த அச்சுக் கல்லின் வழியாகத்தான்.

தமிழ்நாட்டில் அந்த வழியைத் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. 1898 இல் பிறந்து 1976 இல் மறைந்த இவர் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். நாடகக் கம்பனிக்குத் திரைச்சீலை தீட்டியவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகிக் கலண்டர்களாகத் தமிழர் வாழும் இடமெல்லாம் போய்ச் சேர்ந்தன. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் என்று பல சீமைகளிலிருந்து தேயிலைக்கும் கோப்பிக்கும் வந்த மக்களின் சந்ததிக்கு, கலண்டர்ப் படமே முதல் ஓவியக் கண்காட்சி. நூதனசாலைக்குப் போய்ச் சித்திரம் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் ஒரு தெய்வமும் ஒரு காவியமும் ஆணியில் தொங்கின.

இனி வரையும் முறையைப் பார்ப்போம். நாங்கள் பயன்படுத்தியது கட்ட முறை. படத்தின்மேல் கோடு கிழித்தால் படம் பழுதாகிவிடும். ஆகவே, தடித்த மட்டையொன்றில் படத்தின் அளவுக்குச் சாளரம் போல் வெட்டி, ஓரங்களில் சம இடைவெளியில் கீறல் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டினோம். அதைப் படத்தின்மேல் வைத்தால் படம் சிறுசிறு சதுரங்களாகப் பிரிந்து தெரியும். கடதாசியிலும் அதே எண்ணிக்கையில் மெல்லிய சதுரங்கள் கீறிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தெரிவதை அந்தந்தக் கட்டத்துக்குள் வரைய வேண்டும். இது புதிய உத்தியன்று. ஜெர்மானிய ஓவியர் அல்பிரெக்ட் டியூரர், 16 ஆம் நூற்றாண்டிலேயே, நூற்கட்டம் போட்ட சட்டகத்தினூடே பார்த்து வரையும் முறையைத் தம் நூலில் படத்தோடு விளக்கியிருக்கிறார். திரைப்படப் பதாகை எழுதியவர்களும் கோயிற் சுவரில் சித்திரம் எழுதுபவர்களும் இதே முறையைக் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது பயிற்சி, படத்தைத் தலைகீழாக வைத்து வரைவது. அமெரிக்கச் சித்திர ஆசிரியை பெற்றி எட்வர்ட்ஸ் 1979 இல் வெளியிட்ட நூலொன்று இந்தப் பயிற்சியைப் பலரும் அறியச் செய்தது. நேராக வைத்துப் பார்க்கும்போது 'இது மூக்கு, இது வாள்' என்று மனம் பெயர் சொல்லிவிடுகிறது. பெயர் தெரிந்தவுடன் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். கை, தான் ஏற்கெனவே அறிந்த மூக்கையே வரையும். தலைகீழாக வைத்தால் பெயர் மறைந்து, கோடும் வளைவும் மாத்திரம் தெரியும். சாமி படத்தை இப்படித் தலைகீழாக வைக்கலாமா என்று பிள்ளைகள் தயங்கினார்கள். இதில் நடுவே நிற்பவன் இராவணன் என்பதால் ஒருவாறு சம்மதித்தார்கள்.

மூன்றாவது, உருவங்களை விட்டு உருவங்களுக்கு இடையிலுள்ள வெளியை வரைவது. ஓங்கிய கைக்கும் தலைக்கும் நடுவே ஒரு வானத்துண்டு இருக்கிறது. வெட்டுண்ட சிறகுக்கும் பறவையின் உடலுக்கும் நடுவே இன்னொரு துண்டு. அந்த வெற்றிடங்களின் வடிவத்தைச் சரியாகப் பிடித்தால் உருவம் தானாகவே சரியாக வந்து அமரும். பேச்சின் பொருள் சொல்லில் மட்டுமல்லாமல் சொல்லுக்கு இடையிலுள்ள மௌனத்திலும் இருக்கிறதல்லவா? அதுபோலத்தான்.

இவ்வளவும் தொழில் நுட்பம். இனித்தான் இலக்கியம் வருகிறது.

இராவணனின் உடலை ஒருவாறு கட்டங்களுக்குள் அடக்கியபின், சீதையைப் பிடித்திருக்கும் கையை வரைய வேண்டியிருந்தது. கை எங்கே தொடங்குகிறது, அவள் உடலை எங்கே வளைக்கிறது, விரல்கள் எங்கே போய் முடிகின்றன என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடினோம். பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு இது ஒரு கணம். வரைகிறவனுக்கு அரை மணித்தியாலம். அந்த அரை மணித்தியாலத்தில் கம்பரைப் படித்த எவருக்கும் ஒரு கேள்வி எழாமல் இராது. கம்பனின் இராவணன் சீதையைத் தொடவே இல்லையே!

வான்மீகி இராமாயணத்தில் இராவணன் சீதையின் கூந்தலைப் பற்றி, உடலைத் தூக்கி, தேரில் தன் மடியில் வைத்துக்கொண்டு போகிறான். சடாயுவோடு நடக்கும் போரில் தேர் உடைந்த பிறகும் அவளைக் கையில் ஏந்தியபடியே வானில் எழுகிறான். கம்பர் இந்த இடத்தில் கதையை மாற்றுகிறார். விருப்பமில்லாத பெண்ணைத் தீண்டினால் அழிவாய் என்று முன்னர் பிரமன் இட்ட சாபம் இராவணனுக்கு நினைவு வருகிறது. ஆகவே, அவன் சீதையைத் தீண்டாமல், அவள் இருந்த பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துத் தேரில் வைத்துக்கொண்டு போகிறான். ஒரு யோசனை அளவு மண்ணைப் பெயர்த்தான் என்பது கம்பர் தரும் கணக்கு.

கம்பர் இப்படிச் செய்ததன் காரணத்தைத் தமிழறிஞர்கள் பலவாறு பேசியிருக்கிறார்கள். சீதையின் தூய்மையைக் காப்பதற்காக என்பது பொதுவான விளக்கம். பென்சில் பிடித்த பிறகு எனக்கு இன்னொன்றும் புலப்பட்டது. தீண்டாமல் கவர்வதற்கு ஒரு பெண்ணின் வீட்டையும் அவள் நிற்கும் மண்ணையும் சேர்த்தே பெயர்க்க வேண்டியிருக்கிறது. உடலைத் தொடாததால் அந்தக் கொடுமை சிறிதாகிவிடவில்லை. ஒரு யோசனை அகலத்துக்கு அது விரிந்துவிடுகிறது. கம்பனின் சீதை பறிபோகும்போது அவளுடைய வாசலும் முற்றமும் கூடவே பறிபோகின்றன. மண்ணோடு பெயர்க்கப்பட்டவர்களின் வழி வந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரவிவர்மா தீட்டியிருப்பது வான்மீகியின் காட்சியை என்பது இதனால் தெளிவாகிறது. வான்மீகியில் இராவணன் வாளை உருவிச் சடாயுவின் இரு சிறகுகளையும், பக்கங்களையும், கால்களையும் வெட்டுகிறான். படத்தில் ஒரு சிறகே வெட்டுண்டிருக்கிறது. வாள் மறுபடியும் ஓங்கியிருக்கிறது. அதாவது, முதல் வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைப்பட்ட கணம். ஜெர்மானிய அறிஞர் லெஸிங், 1766 இல் வெளிவந்த 'லாக்கொவோன்' என்ற நூலில், கவிதை காலத்தில் நகரும் கலை, ஓவியம் இடத்தில் நிற்கும் கலை என்று வேறுபடுத்தினார். ஓவியன் ஒரு கணத்தை மாத்திரமே காட்ட முடியும். ஆகவே, முன்பு நடந்ததையும் பின்பு நடக்கப் போவதையும் பார்ப்பவர் தாமே ஊகிக்கக்கூடிய கணம் ஒன்றை அவன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். வீழும் சிறகு நடந்ததைச் சொல்கிறது. ஓங்கிய வாள் நடக்கப் போவதைச் சொல்கிறது. இரண்டையும் வரைந்து பார்த்தால் லெஸிங்கின் கருத்து விரிவுரை இல்லாமலே விளங்கிவிடும்.

கம்பர் இதே இடத்தில் வேறொன்று செய்கிறார். இந்திரனின் வச்சிரம் பட்டுச் சிறகு அறுந்த ஒரு மலையைப் போலச் சடாயு வீழ்ந்தான் என்று உவமை கூறுகிறார். மலைகளுக்கு ஒரு காலத்தில் சிறகு இருந்தது என்பதும், அவற்றை இந்திரன் அறுத்தான் என்பதும் பழைய புராணக் கதை. ஓவியர் சிறகை மிக நுட்பமாகத் தீட்டியிருக்கிறார். ஆனால், பறவை மலையாகும் அந்த மாயத்தை எண்ணெய் வண்ணத்தால் தர முடியவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு பையன், சடாயுவின் முதுகு வளைவை வரைந்துவிட்டு, யன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்தான். அந்த வளைவின்கீழ் இரண்டு மூன்று தேயிலை நிரைகளைக் கீறினான். பறவையும் மலையும் ஒன்றாகிவிட்டன. உவமையைப் பரீட்சைக்கு எழுதச் சொன்னால் 'உவமானம், உவமேயம், பொதுத்தன்மை' என்று எழுதியிருப்பான். அன்று அவன் கை அதைச் செய்து காட்டியது.

இன்னொரு கேள்வி சீதையின் முகத்தைப் பற்றியது. படத்தைக் கொண்டுவந்த மாணவியே கேட்டாள். "அவ ஏன் சேர் பாக்கவே இல்ல? தாத்தா மாதிரி ஒருத்தர் நமக்காக வெட்டு வாங்கிக்கிட்டு இருக்கும்போது, மொகத்த மூடிக்கிட்டு இருப்போமா?"

நல்ல கேள்வி. சடாயு தசரதனின் தோழன். வயது முதிர்ந்தவன். தனியாக வந்து அபயம் கொடுத்தவன். அச்சத்தாலும் துயரத்தாலும் முகம் மறைக்கும் பெண்ணைத் தீட்டுவது 19 ஆம் நூற்றாண்டு ஓவியத்திலும் நாடக மேடையிலும் வழக்கமாக இருந்த ஒரு பாவனை. ரவிவர்மா அதைக் கையாண்டார். மிகத் திறமையாகவே கையாண்டார். ஆனால், காவியங்களில் உள்ள சீதை கண்ணை மூடிக்கொண்டவள் அல்லள். வான்மீகியில் அவள் குருதி தோய்ந்து கிடக்கும் சடாயுவிடம், தன் உறவினரிடம் ஓடுவதுபோல ஓடிப்போய், கட்டியணைத்து அழுகிறாள். கம்பரில், தனக்கு அஞ்சாதே என்று சொல்ல வந்த நல்லவன் தோற்பதா என்று நெஞ்சுருகிப் புலம்புகிறாள். அதற்குப் பிறகும் அவள் கண் விழித்திருக்கிறது. வானவழியே போகும்போது கீழே மலைமீது வானரர்கள் இருப்பதைக் கண்டு, தன் அணிகலன்களைத் துணியில் முடிந்து போடுகிறாள். கிட்கிந்தா காண்டத்தில் இராமன் கையில் அந்த முடிச்சு கிடைக்கிறது. சீதை முகத்தை மூடிக்கொண்டே போயிருந்தால் இராமனுக்கு வழி தெரிந்திருக்காது.

இவற்றை எடுத்துச் சொன்னபின் அந்தப் பிள்ளை தன் படத்தில் சீதையின் கையை இறக்கி வரைந்தாள். முகம் சடாயுவின் பக்கம் திரும்பியது. கண் பெரிதாகிவிட்டது, கழுத்தும் ஓவியப் பள்ளியில் ஏற்றுக்கொள்ளும் கழுத்தாக அமையவில்லை. ஆனால், அவள் வரைந்தது தன் சீதையை. அது கம்பனின் சீதைக்கும் பக்கத்தில் நின்றது.

தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்ன உறுப்புகளில் 'நோக்கு' என்பது ஒன்று. கேட்பவரை நின்று மீண்டும் பார்க்கச் செய்வது எதுவோ அது நோக்கு என்று உரையாசிரியர் விளக்குவர். பாட்டுக்குரிய இந்த இலக்கணம் படத்துக்கும் பொருந்தும். வரைவதைக் காட்டிலும் வலிய நோக்கு வேறில்லை. ஒரு கட்டத்தில் நிற்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

இந்த இடத்தில் ஒரு தடை எழும். ரவிவர்மாவின் படங்கள் உயர்ந்த கலையா? அவற்றைப் பார்த்து வரையப் பிள்ளைகளைப் பழக்கலாமா? இக்கேள்வியை எழுப்பியவர்களில் முதன்மையானவர் நம் நாட்டவர். 1877 இல் கொழும்பில் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக இருந்து, ஊரூராகச் சென்று, கண்டிய மரபுக் கலைகளையும் ஆராய்ந்தவர். 1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை வெளியிட்டவர். 1907 இல் இந்தியக் கலையின் நிலை பற்றி எழுதியபோது, ரவிவர்மாவின் புராண ஓவியங்களில் நாடகப் பாங்கு மிகுந்திருக்கிறது, கற்பனை போதாது, இந்திய உணர்வு குறைவு என்று கடுமையாகவே கூறினார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. இராவணனுக்கு இந்தப் படத்தில் ஒரே தலைதான். உயிருள்ள மனிதனைப் பார்த்து வரையும் ஐரோப்பிய முறை பத்துத் தலையைத் தாங்காது. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலில், கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணனைச் சிற்பி பல தலைகளோடும் பல கைகளோடும் செதுக்கியிருக்கிறான். பார்ப்பவருக்கு அது பொய்யாகத் தோன்றுவதில்லை. அந்தச் சிற்பியின் கற்பனை வேறு வகை.

ஆனால், நாடகப் பாங்கு என்ற குறையை நான் அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். மலையகத் தோட்டங்களில் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கூத்தும் ஆடிவந்த மக்களுக்குப் புராணம் என்பதே ஆடிக் காட்டப்படும் ஒன்று. ஓங்கிய கையும் விரிந்த கண்ணும் அவர்களுக்கு அந்நிய மொழியன்று. ரவிவர்மாவின் படத்தில் அவர்கள் அருவருக்கத்தக்க மிகையைக் காணவில்லை. தங்கள் கூத்துத் தளத்தைக் கண்டார்கள். படத்தைச் சுவரில் மாட்டியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். குமாரசுவாமி சுட்டிய குறையைத் தெரிந்துகொண்டு, அதே படத்திலிருந்து தொடங்குவதில் தவறில்லை. இருக்கும் படியில்தானே கால் வைத்து ஏற முடியும்?

பார்த்து வரைவது நகல்தானே, அதில் என்ன பெருமை என்பாரும் உளர். வின்சென்ட் வான்கோ 1889 இலும் 1890 இலும் தென்பிரான்ஸின் மனநல விடுதியொன்றில் இருந்தபோது, பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் உழவர் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளில் பார்த்து, தம்முடைய வண்ணத்தில் மறுபடி தீட்டினார். ஒருவர் ஆக்கிய இசையை இன்னொருவர் தம் முறையில் வாசிப்பதோடு அவர் அதை ஒப்பிட்டார். நம்முடைய மரபிலும் இது உண்டு. கம்பர் வான்மீகியைப் பார்த்து எழுதியவர்தாம். எழுதுகையில், இராவணனின் கை சீதையின்மேல் படவேண்டிய இடத்தில் அவருடைய எழுத்தாணி நின்றது. வேறு வழி போயிற்று. நகலுக்கும் படைப்புக்கும் உள்ள எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது. எந்த இடத்தில் கை மறுக்கிறதோ, அந்த இடத்தில் வரைகிறவன் பிறக்கிறான். ஆனால், அந்த இடம் எது என்று தெரிய, அதுவரைக்கும் உண்மையாகப் பார்த்து வரைந்திருக்க வேண்டும்.

சடாயுவை மக்கள் மறக்கவில்லை என்பதற்கு ஊர்கள் சாட்சி. சோழநாட்டில் வைத்தீசுவரன் கோயில் எனப்படும் புள்ளிருக்குவேளூரில் சடாயு குண்டம் இருக்கிறது; ஊர்ப் பெயரின் முதலிலேயே 'புள்' நிற்கிறது. ரவிவர்மா பிறந்த கிளிமானூருக்குச் சற்று வடக்கே, அதே நெடுஞ்சாலையில், சடயமங்கலம் என்ற ஊர். சடாயு வீழ்ந்த பாறை என்று அவ்வூரார் ஒரு குன்றைக் காட்டுவர். அந்தக் குன்றின்மேல், ஒரு சிறகு அறுபட்டு மல்லாந்து கிடக்கும் மாபெரும் சடாயுச் சிற்பம் அமைக்கப்பட்டு, 2018 இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. தோற்பது உறுதி என்று தெரிந்தும் குறுக்கே பறந்த ஒரு கிழப் பறவைக்கு இத்தனை நினைவிடங்கள்.

வரைந்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். விலையுயர்ந்த கடதாசி வேண்டாம், வண்ணமும் வேண்டாம். ஒரு கொப்பியும், பென்சிலும், அழிறப்பரும் போதும். வீட்டுச் சுவரில் இருக்கும் புராணப் படம் ஒன்றை எடுங்கள். அதற்குரிய பாடற்பகுதியைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். வரையும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கதையின் எந்தக் கணத்தை ஓவியர் பிடித்தார்? பாடலில் இருப்பதில் எதை விட்டார்? பாடலில் இல்லாத எதைச் சேர்த்தார்? விடைகள் கோட்டிலேயே கிடைக்கும்.

பாடசாலைகளில் தமிழுக்கு ஒரு பாடவேளை, சித்திரத்துக்கு ஒரு பாடவேளை என்று பிரித்து வைத்திருக்கிறோம். சித்திர ஆசிரியர் இல்லாத இடத்தில் அந்தப் பாடவேளை வெறுமையாகப் போகிறது. அந்த நேரத்தைத் தமிழாசிரியர் எடுத்து, ஒரு கலண்டர்ப் படத்தையும் கம்பனையும் மேசைமேல் வைக்கலாம். பிள்ளைகள் எல்லோரும் ஓவியர் ஆகப் போவதில்லை. ஆனால், சீதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, அதன்பிறகு எந்தப் படத்தையும் எந்தப் பாட்டையும் சும்மா கடந்து போகமாட்டாள்.